நோன்புக் கஞ்சியும் கறுவலின் வயிறும்

ஆரையம்பதி,
16.02.1997

அன்பு மகன் கனகசிங்கத்துக்கு,

கண்ணகை அம்மன் துணையால் நானும் அப்பாவும் இங்கே மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம். சுவிஸ் குளிரில் நீயும் மருமகளும் பேத்தியும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கும்பிடுகிறேன். உன் கடிதம் தை மாதக் கடைசியில்தான் கைக்கு வந்தது. எங்கெங்கே கிடந்து வந்ததோ, உறையின் ஒரு பக்கத்தைப் பிரித்து மறுபடியும் ஒட்டியிருந்தார்கள், படித்தவர்கள் படித்துவிட்டுப் போகட்டும், அதில் ஒரு பூனையின் வயிற்றோட்டத்தைத் தவிர வேறு என்ன இருந்தது. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, முழங்கால் நோ அப்படியேதான். ஆற்றுக்கு அங்கால் வட்டையில் கிடக்கிற நமது வயலை இந்தப் போகமும் விதைக்கவில்லை, போய்வர விட்டால்தானே. மாரி மழை நன்றாகப் பெய்து கிணறு கையெட்டும் தூரத்தில் நிற்கிறது. மாதத்தில் இரண்டு முறை இராணுவச் சுற்றிவளைப்பு வரும், ஆண்களைப் பள்ளிக்கூட வளவில் இருத்தி வைத்துப் பின்னேரம் விடுவார்கள், அப்பாவை வயதைப் பார்த்து நேரத்தோடு விட்டுவிடுகிறார்கள், அதனால் நீ ஒன்றுக்கும் யோசிக்காதே.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். பேத்தியின் பூனை பால் குடித்துவிட்டு அதை வாந்தியெடுத்து இரண்டு நாளாகச் சத்தியும் வயிற்றோட்டமுமாகக் கிடக்கிறது, அங்கே மிருக வைத்தியரிடம் நாள் எடுத்தால் நாலு நாள் கழித்துத்தான் பார்ப்பாராம், அம்மா நீங்கள் நாய் பூனை ஆடு மாடு என்று எத்தனையை வளர்த்தீர்கள், நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான்கு முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது, இதைக் கிழிக்கவிடமாட்டேன் என்று அப்பா எதிரே கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். முதலில் பூனைக்குச் சொல்கிறேன். இந்தக் கடிதம் வந்துசேர்வதற்குள் அது சுகமாகியிருக்கும், இருந்தாலும் இன்னொரு முறை வந்தால் உதவும். பாலை அடியோடு நிறுத்து. பூனைக்குப் பால்தான் சாப்பாடு என்று நாம் நினைத்திருக்கிறோம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செமிக்காது. சத்தி எடுக்கிறது என்றால் ஒரு வேளை சாப்பாடு கொடுக்காமல் வயிற்றுக்கு ஓய்வு கொடு, அதற்குமேல் பூனையைப் பட்டினி போடாதே, நாய் ஒரு நாள் தாங்கும், பூனை தாங்காது. கொதித்து ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வை, கோப்பை நிறைய வைத்தால் மடமடவென்று குடித்துவிட்டு மறுபடி எடுக்கும். சத்தி நின்ற பிறகு உப்பும் தூளும் போடாமல் அவித்த மீனோ கோழியோ முள்ளும் எலும்பும் எடுத்து ஒரு விரலளவு கொடு, அது வயிற்றில் தங்கினால் இன்னும் கொஞ்சம். நாம் குடிக்கிற குளிசை எதையும் கொடுத்துவிடாதே, பனடோல் அரைவாசிகூடப் பூனையைக் கொன்றுவிடுமாம். இரத்தம் போனாலோ, தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ, குட்டியாக இருந்தாலோ நாள் எடுத்துக்கொண்டு காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு போய் அந்த வாசலில் நில்.

இதெல்லாம் என் அனுபவம் என்று நினைத்துவிடாதே. ஒரு மாதத்துக்கு முன்பு வரை இதில் பாதி எனக்குத் தெரியாது. சொல்லித் தந்தவள் பூனைகள் வளர்க்கிற அடுத்த வளவு கைறுன்னிஸா. அவளிடம் இதை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று எழுதத்தான் கை வரவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும், நோன்பு மாதம் பிறந்துவிட்டால் பின்னேரம் நாலரை மணிபோல வேலிக்கு மேலால் மூடி போட்ட அலுமினியச் சட்டி ஒன்று வரும். சின்ன வயதில் நீதான் ஓடிப்போய் வாங்குவாய், மிளகும் உள்ளிப்பூண்டும் போட்ட அந்தக் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துவிட்டு உதடு எரிகிறது என்று முற்றத்தில் குதிப்பாய். நமக்கென்று இறைச்சி போடாமல் வேறாகக் காய்ச்சுவதாக அவள் சொல்வாள், நான் ஓம் ஓம் என்று தலையாட்டுவேன், மனதுக்குள் நம்பமாட்டேன், ஒரு வாய் வைத்ததில்லை. தொண்ணூறில் தமிழர், முஸ்லிம் என்று அடித்துக்கொண்டு ஊரெல்லாம் பற்றி எரிந்து, அவர்கள் ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமுமாக ஓடித் திரும்பி வந்தபோது, இரண்டு ஊருக்கும் இடையில் கிடக்கிற இந்த எல்லைத் தெருவில் முகத்தோடு முகம் பார்க்கிற வீடுகளாக மிஞ்சியது நமதும் அவர்களதும்தான். இரண்டு வருடம் வேலியில் ஒரு வார்த்தை இல்லை. தொண்ணூற்றிரண்டு நோன்பில் ஒரு நாள் அந்தச் சட்டி மறுபடியும் வேலிக்கு மேலால் வந்தது. நான் அழுதுகொண்டேதான் வாங்கினேன், அவளும் அழுதாள். வாங்கிக்கொண்டு உள்ளே வந்து என்ன செய்தேன் தெரியுமா மகன், நீ போகும்போது குட்டியாக விட்டுப்போன கறுவலைக் கூப்பிட்டு அவனுக்கு முன்னால் வைத்தேன். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் குடித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்த நேரம் என் மனம் அப்படித்தான் இருந்தது.

நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, வாலை ஆட்டிக்கொண்டு இன்னும் கேட்டான். அப்போதும் நான் குடிக்கவில்லை. அப்பா தனக்கு ஒரு கோப்பை கேட்டார், ஏசி அடக்கிவிட்டேன். அடுத்த நாளும் அப்படியே, அடுத்த வருடமும் அப்படியே, பிறகு அது பழக்கமாகிவிட்டது. வேறு கோப்பையில் ஊற்றிக் கொடுக்கவும் பஞ்சி, அவ்வளவு சோம்பல், சட்டியோடு அடுப்படிக் குசினி வாசலில் வைத்துவிடுவேன், அவன் நக்கித் துடைத்துவிடுவான், சவர்க்காரம் போட்டுக் கழுவி மறுநாள் திருப்பிக் கொடுப்பேன். கைறுன்னிஸா உம்மாவின் கஞ்சி வந்ததா என்று வருடா வருடம் நீ கேட்டு எழுதுவாய். வந்தது மகன், குடித்தோம், நல்ல ருசி என்று நான் பதில் போடுவேன். ஐந்து வருடமாக உனக்கு எழுதியது பொய். பெற்ற பிள்ளைக்குப் பொய் எழுதினவள் நான், முதலில் அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

இந்த வருடம் தைப்பொங்கல் நோன்பு தொடங்கி நாலைந்து நாளில் வந்தது. பெரிய பானையில்தான் பொங்கினேன், நெய்யும் சர்க்கரையும் பசுப்பாலும் பயறும் உலர்திராட்சைப் பிளம்ஸும் முந்திரிக் கஜுவும் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. அன்றைக்குப் பார்த்துப் பட்டணத்துப் பாதையை மறித்துவிட்டார்கள், வருகிறேன் என்றவர்கள் ஒருவரும் வரவில்லை. பானையில் பாதி அப்படியே கிடந்தது. படைத்த பொங்கலை எறிய மனம் வராமல், பண்டிகை நாளில் வாயில்லாத சீவனும் வயிறாரத் தின்னட்டும் என்று மத்தியானம் கறுவலுக்கு ஒரு சட்டி வைத்தேன், இன்னும் பார்த்தான், பானை அடியைச் சுரண்டி அதையும் வைத்தேன். பின்னேரம் கஞ்சி வந்தது, வழக்கம்போல அதையும் வைத்தேன், இரண்டு வாய் நக்கிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான். விடியப் பார்த்தால் முற்றம் முழுக்கச் சத்தியும் கழிச்சலும், கறுவல் வாழையடியில் முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறான். எனக்குக் கண் முன்னால் நின்றது பொங்கல் பானை இல்லை மகன், அந்த அலுமினியச் சட்டிதான்.

என் வாயைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. வேலியடிக்குப் போய் நின்று கத்தினேன். பொங்கலுக்கு மறுநாள், மாட்டுக்குப் பொட்டு வைத்துக்கொண்டு தெருவால் போகிற சனம் எல்லாம் நின்றுவிட்டது. கஞ்சிக்குள் எதையோ போட்டுத் தந்திருக்கிறாய், நாங்கள் குடிக்க வைத்திருந்ததில் நாய் தவறி வாய் வைத்ததால் நானும் மனிசனும் தப்பினோம், இல்லாவிட்டால் இரண்டு பாடை போயிருக்கும் என்று கத்தினேன். அதைத் திரும்பப் படித்துப் பார். குடிக்க வைத்திருந்தோமாம், நாய் தவறி வாய் வைத்ததாம். ஐந்து வருடம் வேண்டுமென்றே நாய்க்கு வைத்தவள் ஊருக்கு முன்னால் நின்று அதைச் சொன்னேன், வாய் கூசவில்லை. கைறுன்னிஸா அந்தப் பக்கம் விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவளது மகள் றபீக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், இவள் அவளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். பார்த்தியளா, குற்றமுள்ள நெஞ்சு பேச முடியாமல் போகுது என்று நான் தெருவைப் பார்த்து இன்னொரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னேன்.

நஞ்சு என்று நினைத்துவிட்டதால் நஞ்சுக்குச் செய்கிற கைமருந்தெல்லாம் செய்தேன். தேங்காயெண்ணெய் அரைக்கோப்பை, பிறகு புளி கரைத்த தண்ணீர், பிறகு நஞ்சை முறிக்கும் என்று பசுப்பால், எல்லாவற்றையும் அப்பாவைப் பிடிக்கச் சொல்லி வாயைப் பிளந்து ஊற்றினேன். செமியாமல் எரிந்துகொண்டிருந்த வயிற்றில் எண்ணெயையும் பாலையும் ஊற்றினால் என்ன ஆகும். தண்ணீராகப் போகத் தொடங்கியது. வாயால் ஊற்றியது மூச்சுக்குழாய்க்குள் போனதோ என்னவோ, இருமினான். மத்தியானம் முற்றத்தைக் கழுவ மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். சத்திக்குள் பிளம்ஸ் கிடந்தது மகன். ஊதிப் பருத்து முழுசு முழுசாகப் பிளம்ஸும், கஜுப் பாதியும், பயறும். கஞ்சியில் பிளம்ஸ் ஏது. என் கையால் பொங்கி, சூரியனுக்குப் படைத்து, என் கையாலேயே அளவில்லாமல் வைத்ததுதான் அது. நான் அங்கேயே குந்திவிட்டேன். அப்போதே எழும்பிப் போய் வேலியடியில் நின்று சொல்லியிருந்தால் நான் மனுசி. சொல்லவில்லை. மண்ணைப் போட்டு மூடிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். இரண்டு நாள் அதை அப்பாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை அப்பா சந்திக்குப் போய்வந்து கதிரையில் உட்கார்ந்தவர் என்னையே பார்த்தார். கைறுன்னிஸாவின் புருஷன் அசனார் சைக்கிளில் புடவைப் பொட்டணி கட்டி நமது ஊருக்குள் விற்க வருகிறவர், தொண்ணூறுக்குப் பிறகு பயந்து நின்றுவிட்டு இரண்டு வருடமாகத்தான் மறுபடியும் வருகிறார், அது உனக்கு எழுதியிருக்கிறேன். அவரைச் சந்தியில் நிற்கிற இளந்தாரிகள் மறித்து, கஞ்சியில் நஞ்சு வைக்கிற ஆக்களுக்கு இந்த ஊருக்குள் என்ன வேலை என்று சைக்கிளைத் திருப்பி விட்டார்களாம். இனி வந்தால் சைக்கிள் இருக்காது என்றும் சொன்னார்களாம். உன்ட வாயால ஒரு மனுசன்ட பிழைப்புப் போயிற்றுகா, இனி ஆள் போகாட்டிச் சரி என்று அப்பா சொன்னார். ஆள் போகாவிட்டால் சரி என்று அவர் சொன்னது உயிர் போவதைத்தான். இந்தக் காலத்தில் எத்தனை பேர் எதற்கென்றே தெரியாமல் போயிருக்கிறார்கள். அப்போதுதான் அப்பாவிடம் பிளம்ஸைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

கறுவலுக்கு அன்றைக்கு எழும்பவே முடியவில்லை. கண் உள்ளே போய், பல் முரசு வெளிறி, வாய் பிசுபிசுத்துக் கிடந்தான். பட்டணத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோகலாம் என்றால் பாதை இன்னும் திறக்கவில்லை. நான் மறுபடியும் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் குந்தினேன். வேலிக்கு அங்கால் இருந்து குரல் வந்தது. அக்கா, அந்த வாயில்லாச் சீவன்ட வாயில எண்ணெய் ஊத்துறத முதல்ல நிப்பாட்டுங்க, நஞ்சு குடிச்ச நாய் மூணு நாள் உசிரோட கெடக்குமா என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, முகம் இருந்தால்தானே. அவளே கேட்டாள், பொங்கல் குடுத்தயளா என்று. ஓம், கொஞ்சம் என்றேன். அந்தக் கொஞ்சம் என்ற சொல்லை விட முடியவில்லை பார். அவள் தன் வீட்டுக்குள் போனாள். பிறகு வேலிக்கு மேலால் ஒரு ஜீவனிப் பக்கற் வந்து விழுந்தது. றபீக்காவின் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் கரைத்துக் கொடுக்கவென்று வைத்திருந்த உப்புச் சர்க்கரைத் தூள் அது. கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கொரு தரம் ஒரு மேசைக்கரண்டி, கடைவாய்ப் பக்கத்தால் மெதுவாக, தலையை அண்ணாந்து பிடிக்காமல் என்று சொன்னாள். நான் ஊற்றியதில் பாதி மண்ணில் போனது. அப்பாவால் குந்த முடியாது. அவள் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, நோன்போடு, வேலிப் பொட்டின் இடைவெளிக்குள்ளால் வந்து, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கறுவலின் தலையைத் தன் கையில் ஏந்திப் பிடித்தாள். பிடரித் தோலை இழுத்து விட்டுக் காட்டினாள், அது திரும்பாமல் மடிப்பாக நின்றது, உடம்பில தண்ணி இல்லக்கா, இது சுறுக்காத் திரும்புற வரைக்கும் விடாமக் குடுங்க என்றாள். பின்னேரம் வரைக்கும் இருந்தாள். மறுநாள் உப்பில்லாத வடித்த கஞ்சித் தண்ணீர், அது தங்கின பிறகு குழைத்த சோற்றோடு அவித்த மீன் ஒரு பிடி, ஒரு நாளைக்கு நாலைந்து தரம், பாலும் தேங்காயும் எண்ணெயும் ஒரு கிழமைக்குக் கிட்டவும் காட்டவேண்டாம் என்று எல்லாம் சொல்லித் தந்தாள். பூனை வளர்க்கிறவளுக்கு நாயின் வயிறும் தெரிந்திருந்தது. நாலாம் நாள் கறுவல் எழும்பி நின்று ஒரு தரம் குரைத்தான்.

ஆனால் அவள் வந்து தலையைப் பிடித்த அன்று பின்னேரம் எழும்பிப் போகும்போது நடந்ததை எழுதவேண்டும். நமது கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். கழுவினாள், மறுபடி கழுவினாள், குந்தி மண்ணை அள்ளித் தேய்த்துக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். நாயைத் தொட்டது அவ்வளவு அருவருப்பா என்று எனக்குக் கொஞ்சம் சுட்டது, கேட்டுவிட்டேன். அருவருப்பில்லக்கா, நாய்ட எச்சில் பட்டா ஏழு தரம் கழுவணும், அதில ஒரு தரம் மண் சேர்த்து, கையெண்டாலும் ஏனமெண்டாலும் அப்படித்தான், இல்லாட்டித் தொழ ஏலா என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். முப்பது வருடம் ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கிறேன், எனக்கு இது தெரியாது. ஏனம் என்று அவள் சொன்ன உடனே என் குசினி வாசலில் கிடந்த அவளது சட்டி நினைவுக்கு வந்தது. ஐந்து வருடமாக நாய் நக்கின சட்டியைச் சவர்க்காரம் போட்டுப் பளபளவென்று துலக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அதில் அவர்கள் சமைத்திருப்பார்கள், தின்றிருப்பார்கள், தொழுதிருப்பார்கள். அந்த மனுசி என் நாயின் தலையைப் பிடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு நிற்கிறாள், நான் அவளது வீட்டுக்கே தீட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறேன். அதைச் சொல்லாமலே அன்றைக்கு அவளைப் போகவிட்டேன்.

ஊரில் சொன்ன பொய்யை முதலில் அழிப்போம் என்று வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் பூசை முடிந்து சனம் நிற்கும்போதே சொன்னேன். கஞ்சியில் ஒன்றும் இல்லை, பொங்கலைத் தின்னக் கொடுத்து நாயை நோய் வருத்தக்காரனாக்கினது நான்தான், வேலியில் நின்று கத்தினது பொய் என்றேன். இந்தக் கதையை அதிகம் கொண்டு திரிந்தவள் இலட்சுமிப்பிள்ளை. அவள் என் தோளைத் தடவி, பாவம் சீதேவி, அயலுக்குப் பயந்து சொல்லுறாள், நாங்க விளங்கிக்கொண்டம்கா என்றாள். சந்திக்குப் போய் அந்த இளந்தாரிகளிடமும் சொன்னேன், ஆச்சி பயப்படாதீங்க என்று அவர்களும் அதையே சொன்னார்கள். நான் சொன்ன பொய்யை ஒரே காலையில் நம்பின சனம், உண்மையை நம்ப மாட்டேன் என்று நின்றது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. அசனாரிடம் போய், நாளைக்குப் பொட்டணியைக் கட்டுங்கள், நான் கூட வருகிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஓம் என்றார். மூன்று நாள் நான் முன்னே நடக்க அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னே வந்தார். சந்தியில் இளந்தாரிகளுக்கு முன்னால் நின்று, மறிக்கிறதென்றால் என்னை மறியுங்கள் என்றேன். ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நான்தான் கூப்பிட்டேன், ஒவ்வொரு படலையிலும் பிளம்ஸ் கதையைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள், சிலர் கதவைத் திறக்கவில்லை, சிலர் சீலை எடுத்துப் பார்த்தார்கள். இந்த வயதில் புடவை கூவி விற்கப் போனாளாம் என்று சொந்தக்காரர் கேலி செய்தார்கள், செய்யட்டும். அந்த மூன்று நாளும் அசனார் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாம் நாள் தனியாகப் போனார், போய்ச் சுகமாகத் திரும்பி வந்தார், அது போதும்.

சட்டிக் கதை மிச்சம் இருந்தது. அது ஒருவருக்கும் தெரியாது, சொல்லாமல் விட்டாலும் கேட்பார் இல்லை. அப்பா, அதச் சொல்லி அந்தப் பிள்ளையின்ட மனச இன்னும் ஏன் நோகடிக்கிறாய் என்றார். அந்தச் சண்டைக்குப் பிறகு கஞ்சி வரவும் இல்லை. சட்டி குசினியில் கவிழ்ந்தபடி கிடந்து ஒவ்வொரு நாளும் என்னைப் பார்த்தது. கடைசி நோன்பன்று மத்தியானம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், முதல் வருடம் நஞ்சு பார்க்க வைத்ததிலிருந்து நாய் நக்கினது வரைக்கும் ஒன்றும் விடவில்லை. சொல்லி முடித்ததும், எனக்குத் தெரியுங்கா என்றாள். முதல் வருசமே றபீக்கா வேலிக்குள்ளால கண்டவள், அண்டைய நாள்ல இருந்து இந்தச் சட்டிய வேறயாத்தான் வெச்சிரிக்கன், நீங்க தந்தா மண் போட்டு ஏழு தரம் கழுவித்தான் உள்ள எடுக்கிற, உங்கட ஊட்டுக்கு மட்டுந்தான் அதில ஊத்துற என்றாள். தெரிந்துகொண்டு ஏன் தங்கச்சி அனுப்பினாய் என்று கேட்டேன். தொண்ணூறுக்குப் பொறகு வேலியால போற ஒரே சாமான் அதுதானேக்கா, அதையும் நிப்பாட்டினா என்ன மிச்சம் என்றாள். நாய் குடிக்குதெண்டு தெரிஞ்ச பொறகு உள்ளியும் மிளகும் போடாமத்தான் தந்த, அதுட வயித்துக்கு ஆகாதெண்டு என்றாள்.

அப்படியென்றால் நான் வேலியில் நின்று கத்தினபோதே அவளுக்கு எல்லாம் தெரியும். ஒரு சொல் சொல்லியிருந்தால் ஊருக்கு முன்னால் நான் வெறும் பொய்க்காரியாகியிருப்பேன். ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். என் மானத்தைக் காப்பாற்ற என்று சொல்வாள் என நினைத்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆர் நம்பிரிப்பாங்க, தெருவில உங்கட ஆக்கள் அத்தினை பேர் நிக்கக்குள்ள நானும் என்ட பிள்ளையும் வாயத் துறந்தா என்ன நடந்திரிக்கும் என்றாள். பயத்தில்தான் கதவைச் சாத்தியிருக்கிறாள் மகன். அதைத்தான் நான் குற்றமுள்ள நெஞ்சு என்று தெருவுக்குச் சொன்னேன். மன்னித்துக்கொள் என்று கையைப் பிடித்தேன், அவள் கையை இழுக்கவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. அடுப்பில கஞ்சி இரிக்கி, நான் போகணும் என்று சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நீயும் பேத்தியும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழவேண்டும், அம்மன் உங்கள் வாசலில் காவல் நிற்கவேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. பூனைக்குப் பால் வைக்காதே, பேத்தி பாசத்தில் ஒளித்துக் கொடுத்துவிடுவாள், கவனம். கைறுன்னிஸாவுக்கு ஒரு கடிதம் போடு, அம்மா எல்லாம் எழுதினாள் என்று எழுது, எனக்காகச் சமாதானம் பேசாதே, அது நான் பட்டுத் தீர்க்கவேண்டியது. கஞ்சி வந்ததா என்று இந்த முறையும் கேட்பாய் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன். அந்தக் கடைசி நோன்பன்று பின்னேரம் நாலரைக்கு, நான் எதிர்பார்க்காமலே, அதே சட்டி வேலிக்கு மேலால் வந்தது. அப்பாவுக்கு ஒரு கோப்பை கொடுத்தேன், நானும் குடித்தேன். நீ குதித்துக் குதித்துக் குடித்த அந்த உறைப்பு இல்லை, உள்ளி இல்லை, மிளகு இல்லை. நாய்க்கென்று பார்த்துக் காய்ச்சின கஞ்சி அது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் எழுதிய, இனி எழுதாத
அம்மா
சா. சீதேவிப்பிள்ளை